பெயரறியா வால்வு வானொலி: இனங்காணலும் காப்பான மீட்டமைப்பும்

1. தோற்றுவாய்

கொழும்பிலிருந்து முறையான வானொலி ஒலிபரப்பு 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் ஆரம்பமாயிற்று. அந்நாள் முதல் திரான்சிற்றர் வானொலி பரவலாகிய 1960களின் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், இந்நாட்டு மக்கள் உலகத்தைக் கேட்டது வால்வு வானொலியின் வழியாகவே. இரண்டாம் உலகப் போர்ச் செய்திகளும், 1948 இன் சுதந்திரமும், 1956 இன் அரசியல் திருப்பமும் இப்பெட்டிகளின் துணிமறைத்த ஒலிபெருக்கிகளூடாகவே வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. 1949 இல் இலங்கை வானொலி என்ற பெயரோடு இயங்கத் தொடங்கிய நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டு மக்களும் கேட்டு மகிழ்ந்தமை நாமறிந்ததே.

ஆயினும், ஒலிபரப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் நிலையங்களையும் அறிவிப்பாளர்களையும் நிகழ்ச்சிகளையும் பற்றியே பேசுவர். அவ்வொலியை ஏற்ற கருவி எது, அது எவர் வீட்டில் இருந்தது, எம்மின்சாரத்தில் இயங்கியது, எத்தனை முறை பழுதடைந்து எவ்வாறு திருத்தப்பட்டது என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை தரவல்ல சான்று அக்கருவியே. அத்தகைய கருவிகள் இன்றும் பழைய வீடுகளின் பரண்களிலும், வாசிகசாலைகளின் மூலைகளிலும், பழைய பொருட் கடைகளிலும் கிடக்கின்றன. அவற்றுட் பல பெயரற்றவை. பின்பலகை தொலைந்து, பெயர்த்தகடு கழன்று, டயல் கண்ணாடி உடைந்து, இன்னதென்று சொல்ல முடியாத நிலையில் உள்ளவை.

இத்தகைய வானொலியொன்று ஒருவர் கைக்கு வரும்போது அவர் முதலிற் செய்வது யாது? செருகியைக் குதையிற் செருகி, ‘பாடுகிறதா’ என்று பார்ப்பதே. நாமறிந்த ஒரு வீட்டில் நாற்பது ஆண்டுகள் துணி சுற்றி வைக்கப்பட்டிருந்த வானொலியொன்று இவ்வாறு இயக்கப்பட்டது. அரை நிமிடம் இரைந்தது, பின் புகைந்தது. நிலைமாற்றியின் சுருள்கள் கருகிப் போயின. பாட்டனார் வாங்கிய பெட்டி, எவ்வுறுப்புப் பழுது என்று அறிவதற்கு முன்பே, திருத்த முடியாத பொருளாயிற்று. அவ்வீட்டார் ஒருவகையில் நற்பேறுடையவர்கள். அப்பெட்டி வேறொரு வகையினதாக இருந்திருப்பின், அதன் உலோகப் பகுதியைத் தொட்ட கையே கருகியிருக்கும்.

பெயரறியா வால்வு வானொலியை எவ்வாறு இனங்காண்பது, உயிருக்கும் பொருளுக்கும் ஊறின்றி எவ்வாறு மீண்டும் இயங்கச் செய்வது, அவ்வாறு செய்யுங்கால் அதன் வரலாற்றுச் சான்றாந் தன்மையை எவ்வாறு காப்பது என்னும் மூன்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வால்வு என்பது யாது

வால்வு என்பது காற்றகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழ். அதனுள்ளே சூடேற்றப்படும் கதோட்டிலிருந்து இலத்திரன்கள் வெளிப்பட்டு, நேர் உவோற்றளவு கொடுக்கப்பட்ட அனோட்டை நோக்கிச் செல்லும். மறுதிசையிற் செல்லா. நீர்க்குழாயில் ஒருவழிக் கதவு செய்யும் வேலையை இது செய்வதால் வால்வு எனப் பெயர் பெற்றது. இவ்விருவாயியை 1904 இல் ஆக்கியவர் ஆங்கிலேயரான பிளெமிங். 1906 இல் அமெரிக்கரான டி பொரெஸ்ற் கதோட்டுக்கும் அனோட்டுக்கும் இடையே நெய்யரி என்னும் மூன்றாம் உறுப்பை வைத்தார். நெய்யரிக்குக் கொடுக்கப்படும் சிறு உவோற்று மாற்றம் அனோட்டு மின்னோட்டத்திற் பெரு மாற்றத்தை ஏற்படுத்துமாதலின், மெல்லிய சைகையைப் பெருக்கும் வழி பிறந்தது.

ஈண்டு இரண்டு உண்மைகளை மனங்கொள்ள வேண்டும். ஒன்று, கதோட்டைச் சூடாக்குவதற்கெனத் தனி மின்னோட்டம் வேண்டும். மற்றொன்று, அனோட்டுக்கு உயர் உவோற்றளவு வேண்டும். அது வீட்டு வானொலிகளிற் பொதுவாக 90 முதல் 300 உவோற்று வரை அமையும். இவ்விரு தேவைகளும் எவ்வாறு நிறைவேற்றப்படுகின்றன என்பதே ஒரு வானொலியின் வகையையும், அது விளைக்கும் ஆபத்தின் அளவையும் தீர்மானிக்கின்றது.

3. மின்வழங்கல் வழி வகைப்பாடு

பெயரறியா வானொலி பற்றிக் கேட்கப்பட வேண்டிய முதல் வினா ‘யார் செய்தது’ என்பதன்று. ‘எதில் இயங்கியது’ என்பதே.

முதலாவது வகை, மின்கல வானொலி. மின்சாரம் எட்டாத ஊர்களுக்காக ஆக்கப்பட்டது. போருக்குப் பிற்பட்ட இவ்வகைப் பெட்டிகளில் 1.4 உவோற்று இழையுடைய டீ.கே. 91, டீ.எஃப். 91, டீ.ஏ.எஃப். 91, டீ.எல். 92 போன்ற விரற்பருமனுள்ள வால்வுகளைக் காணலாம். அனோட்டுக்கு 90 உவோற்று மின்கலத் தொகுதி தனியே இணைக்கப்படும். இத்தகைய பெட்டியை 230 உவோற்றுக் குதையில் இணைப்பின் எல்லா வால்வுகளும் கணப்பொழுதில் அழியும்.

இரண்டாவது வகை, ஆடலோட்ட வானொலி. இதில் கனத்த நிலைமாற்றி ஒன்று இருக்கும். இழைகளுக்கு 4 அல்லது 6.3 உவோற்றும், சீராக்கி வழியாக அனோட்டுகளுக்கு 250 உவோற்று அளவிலும் அது வழங்கும். பொதுவாக இதன் உலோக அடித்தட்டு வீட்டு மின்னிணைப்பிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது வகை, ஆடலோட்டம் நேரோட்டம் ஆகிய இரண்டிலும் இயங்கும் வானொலி. 1930களில் பிரித்தானிய நகரங்கள் பலவற்றில் நேரோட்டமே வழங்கப்பட்டு வந்தது. நேரோட்டத்தில் நிலைமாற்றி இயங்காது. ஆகவே நிலைமாற்றியின்றி, வால்வு இழைகளைத் தொடராக இணைத்து மின்னிணைப்பிலேயே நேரடியாகத் தொடுத்தனர். மலிவும் எடைக்குறைவும் காரணமாக நேரோட்டம் மறைந்த பின்னரும் இவ்வமைப்பு நீடித்தது. இதன் அடித்தட்டு வீட்டு மின்னிணைப்பின் ஒரு கம்பியோடு நேரடியாகத் தொடுக்கப்பட்டது. செருகி ஒருவாறு செருகப்பட்டால் அடித்தட்டு நொதுமற்கம்பியோடும், மறுவாறு செருகப்பட்டால் உயிர்க்கம்பியோடும் இணையும். இரண்டு ஊசிச் செருகியை எப்படியும் செருகலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திருகிகளை இறுக்கும் சிறு ஆணிகளின் துளைகள் மெழுகால் அடைக்கப்பட்டிருந்தமை இதனாலேயே. அம்மெழுகு உதிர்ந்திருப்பின் திருகியைத் திருப்பும் விரலுக்கும் உயிர்க்கம்பிக்கும் இடையே எதுவுமில்லை.

எனவே எந்த வானொலியிலும் முதலிற் செய்ய வேண்டிய சோதனை, மின்னிணைப்பு முற்றாக நீக்கப்பட்ட நிலையில், பன்மானியைக் கொண்டு செருகியின் ஒவ்வோர் ஊசிக்கும் அடித்தட்டுக்கும் இடையேயுள்ள தடையை அளப்பதாகும். வானொலியின் ஆளியை இயக்கிய நிலையிலும் நிறுத்திய நிலையிலும் இதனைச் செய்தல் வேண்டும். எந்த நிலையிலாயினும் தடை சில நூறு ஓம் அல்லது அதற்குங் கீழாகத் தோன்றின், அது உயிர் அடித்தட்டு வானொலி எனக் கொள்க. நிலைமாற்றி கண்ணுக்குத் தெரிகின்றதே என்று ஆறுதலடையலாகாது. ஒரே சுருளைப் பகிரும் நிலைமாற்றிகளும் உண்டு. அவை அடித்தட்டைப் பிரிப்பதில்லை. அன்றியும், சில பெட்டிகளில் ஆளி அடித்தட்டுப் பக்கக் கம்பியில் மட்டுமே அமைந்திருக்கும். அவற்றில் ஆளியை நிறுத்திய பின்னும், மறுகம்பி உயிர்க்கம்பியாயின், இழைத்தொடர் வழியாக அடித்தட்டு உயிர்பெற்றிருக்கும். ‘நிறுத்திவிட்டேன்’ என்ற நம்பிக்கையே ஆபத்தாகும் இடம் இது. செருகியைக் குதையிலிருந்து கழற்றி, கண்ணிற்படும்படி மேசைமேல் வைத்தலொன்றே நிறுத்துதலாகும்.

4. வால்வுகளின் பெயர்களே சாசனம்

வகை தெரிந்தபின் காலமும் நாடும் அறியப்பட வேண்டும். இதற்கு வால்வுகளே முதன்மைச் சான்று. அவற்றின்மேற் பொறிக்கப்பட்ட எழுத்துகளைத் துணியால் அழுத்தித் துடைத்தலாகாது. ஐம்பது அறுபது ஆண்டுப் பழமையான பூச்சு ஒரே துடைப்பில் அழியும். முதலில் நிழற்படமெடுத்து, எக்குழியில் எவ்வால்வு இருந்ததென வரைபடமிட்டு, அதன் பின்னரே தூசியை மென்றூரிகையால் அகற்ற வேண்டும்.

ஐரோப்பிய முறையில் வால்வின் முதலெழுத்து இழையின் தேவையைக் கூறும். ‘ஏ’ எனின் 4 உவோற்று. ‘ஈ’ எனின் 6.3 உவோற்று, ‘டீ’ எனின் 1.4 உவோற்று மின்கலம். ‘யூ’ எனின் 100 மில்லியம்பியர்த் தொடரிணைப்பு. அடுத்துவரும் எழுத்துகள் உறுப்பின் தொழிலைக் கூறும். ‘பீ’ இரட்டை இருவாயி, ‘சீ’ மூவாயி, ‘எஃப்’ ஐவாயி, ‘எச்’ மீடிறன் மாற்றும் கலப்பி, ‘எல்’ ஒலிபெருக்கியை இயக்கும் வலு ஐவாயி, ‘எம்’ நிலையம் சரியாக அமைந்ததைக் காட்டும் பச்சை ஒளிக்கண், ‘வை’ அரையலைச் சீராக்கி, ‘இசட்’ முழுவலைச் சீராக்கி. எண்ணின் முதலிலக்கம் அடிப்பகுதியின் வடிவைப் பெரும்பாலும் குறிக்கும். 3 எனின் எட்டு ஊசிகளும் நடுவே தடித்த திறவும் உடைய அடி. 4 எனின் 1940களின் பிற்பகுதியிற் தோன்றிய எட்டு மெல்லூசி அடி. 8 எனின் 1950களிற் பரவிய ஒன்பதூசிக் கண்ணாடி அடி. 9 எனின் ஏழூசிச் சிற்றடி.

அமெரிக்க முறையில் முதலெண்ணே இழையின் உவோற்றளவைத் தோராயமாகத் தரும். 6 வீ 6 எனின் 6.3 உவோற்று, 50 எல் 6 எனின் 50 உவோற்று. 12 எஸ்.ஏ. 7, 12 எஸ்.கே. 7, 12 எஸ்.கியூ. 7, 50 எல் 6, 35 இசட் 5 என்ற ஐந்தும் ஒரு பெட்டியில் இருப்பின், இழைகளின் கூட்டுத்தொகை 12.6 மும்மடங்கோடு 50 உம் 35 உம் சேர்ந்து 122.8 உவோற்று. இது அமெரிக்க வீட்டு மின்சாரத்திற்கென ஆக்கப்பட்ட பெட்டி என்பது இக்கூட்டலாலேயே புலனாகும். இதனை நேரே நமது 230 உவோற்றில் இணைப்பவர் ஐந்து வால்வுகளையும் ஒருங்கே இழப்பர்.

வால்வுகள் தருவது காலத்தின் கீழெல்லையை மட்டுமே என்பதும் கருதற்பாலது. மண்ணடுக்கிற் கிடைத்த நாணயம் அவ்வடுக்கு அந்நாணயத்திற்கு முந்தியதன்று என்று மட்டுமே காட்டும். அவ்வாறே ஒரு பெட்டியிலுள்ள மிகப் புதிய மூல உறுப்பே அதன் காலத்தை வரையறுக்கும். பின்னாளிற் திருத்துநர் மாற்றிய உறுப்பை மூல உறுப்பாகக் கொள்ளின் கணிப்புப் பிழைக்கும். ஏட்டுச்சுவடியின் இடைச்செருகலைக் கண்டறியும் பதிப்பாசிரியரின் கண்ணே இங்கும் வேண்டற்பாலது. பற்றாசின் நிறம், கம்பியின் உறை, முடிச்சிட்ட முறை ஆகியன மூலக் கையையும் பிற்காலக் கையையும் வேறுபடுத்திக் காட்டும்.

5. டயலும் பிற சான்றுகளும்

டயற் கண்ணாடியிலுள்ள நிலையப் பெயர்கள் வரலாற்று மாணவனுக்குப் பெருவிருந்து. பிரித்தானியாவின் துரொயிற்விச் நிலையம் குறிக்கப்பட்டிருப்பின் பெட்டி 1934 இற்கு முந்தியதன்று. பி.பி.சி.யின் ‘லைற் புரோகிராம்’ காணப்படின் 1945 இற்கும், ‘தேர்ட் புரோகிராம்’ காணப்படின் 1946 இற்கும் பிந்தியது. ஐரோப்பிய நிலையங்களின் மீடிறன்களை மாற்றியமைத்த கோபன்ஹேகன் உடன்பாடு 1950 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்தமையால், நிலையப் பெயர்கள் அமைந்திருக்கும் ஒழுங்கைக் கொண்டே பெட்டி அதற்கு முந்தியதா பிந்தியதா எனக் கூறலாம். ‘பத்தேவியா’ என்ற பெயர், இந்தோனேசியாவின் சுதந்திரத்தை ஒல்லாந்து 1949 இல் ஏற்பதற்கு முன்னைய உலகப்படத்தின் எச்சமாகும். பேரரசுகளின் தலைநகரங்கள் பெரிய எழுத்திலும் குடியேற்ற நாடுகளின் நகரங்கள் சிறிய எழுத்திலுமாக, ஒரு காலத்து உலக ஒழுங்கே அக்கண்ணாடியில் எழுதப்பட்டுள்ளது.

அலைவரிசைகளும் பேசும். நெட்டலை இருப்பின் பெட்டி ஐரோப்பிய வீடுகளுக்கு ஆக்கப்பட்டதாதல் கூடும். நெட்டலை இன்றி, மத்திய அலையோடு 13 முதல் 49 மீற்றர் வரையிலான சிற்றலைகள் இரண்டு மூன்று பகுதிகளாக விரித்து அமைக்கப்பட்டிருப்பின், அது வெப்பவலய நாடுகளுக்கென ஏற்றுமதி செய்யப்பட்டதெனப் பெரும்பாலும் துணியலாம். பின்புறத்தே 110, 127, 220, 245 என உவோற்றளவு தெரிவு செய்யும் தகடு இருப்பதும் ஏற்றுமதிப் பெட்டியின் அடையாளமே. அத்தகடு எந்த எண்ணில் நிற்கிறது என்பதை இயக்குவதற்கு முன் பார்க்காமையால் அழிந்த பெட்டிகள் பல.

இவையன்றி, மின்பகுப்புக் கொள்ளளவிகளின் மேல் முத்திரையிடப்பட்ட மாதமும் ஆண்டும், ஒலிபெருக்கியின் பின்புற எண்கள், பெட்டியின் உட்புறத்தே ஒட்டிய தாள், பென்சிலால் எழுதிய குறிப்பு ஆகியனவும் நோக்கத்தக்கன. தடையிகளின் நிறக்குறியும் காலங்காட்டும். உடலின் நிறம் முதலிலக்கம், நுனியின் நிறம் இரண்டாமிலக்கம், நடுப்புள்ளி பெருக்கம் என வாசிக்கப்படுவது 1930களின் முறை. வளையங்களாக வாசிக்கப்படுவது பிந்திய முறை.

6. ஓர் எடுத்துக்காட்டு

கறுத்த பேக்கலைற்றுப் பெட்டி; பெயரில்லை; டயலில்லை. உள்ளே யூ.சீ.எச். 42, யூ.எஃப். 41, யூ.பீ.சீ. 41, யூ.எல். 41, யூ.வை. 41 என்ற ஐந்து வால்வுகள். இவை கொண்டு யாது கூறலாம்?

முதலெழுத்து ‘யூ’ ஆதலின் தொடரிணைப்பு. உயிர் அடித்தட்டை எதிர்பார்க்க வேண்டும். எண் 4 இல் தொடங்குவதால் 1940களின் பிற்பகுதிக்கு முந்தியதன்று. ஒன்பதூசி வால்வு ஒன்றேனும் இன்மையால் 1950களின் முற்பகுதிக்கு மிகப் பிந்தியதாதல் அரிது. கலப்பி, இடைமீடிறன் பெருக்கி, உணரி, வலுப்பெருக்கி, சீராக்கி என்ற ஒழுங்கு, 1918 இல் ஆம்ஸ்ட்ரோங் கண்ட சுப்பர்ஹெற்றரடைன் முறையைச் சேர்ந்ததெனக் காட்டுகிறது. பெயரே தெரியாதிருந்தும் பெட்டியின் சுற்றுப்படம் ஏறத்தாழ நம் கைக்கு வந்துவிட்டது. ஒரே வால்வுத் தொகுதியைக் கொண்ட வானொலிகள் அக்காலத்தில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருந்தன.

இனிக் கணிப்பு. ஐந்து இழைகளும் முறையே 14, 12.6, 14, 45, 31 உவோற்று வேண்டுவன, கூட்டுத்தொகை 116.6. வழங்கல் 230 உவோற்று. எஞ்சிய 113.4 உவோற்றை ஒரு தடையி தாங்க வேண்டும். மின்னோட்டம் 0.1 அம்பியர் ஆதலின் அதன் தடை 1134 ஓம். அது வெப்பமாக வெளியிடும் வலு 11.3 உவாற்று. பெட்டிக்குள் கையைச் சுடும் அளவிற்கு வெப்பமுறும் அத்தடையியின் அருகே மரம் கருகியிருப்பதும், அதனைக் காக்க வெண்ணிறக் கல்நார்த் தாள் ஒட்டியிருப்பதும் இதனாலேயே. கல்நாரைச் சுரண்டுதலும் ஊதுதலும் கூடா. அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரமாக்கி, அசையாது விடுதலே நன்று.

சில பெட்டிகளில் இத்தடை மின்வடத்துக்குள்ளேயே அமைந்திருக்கும். நீளமாக உள்ளதென்று அவ்வடத்தை வெட்டிக் குறைப்பவர் தடையையே குறைத்து வால்வுகளை எரிப்பர்.

திருவிழாவில் தொடராகக் கட்டிய சிறு மின்குமிழ்களுள் ஒன்று எரிந்தால் எல்லாம் அணைவது போல, இவ்வைந்தில் ஒன்றின் இழை அறுந்தாலும் பெட்டி முழுதும் குளிர்ந்து கிடக்கும். யூ.சீ.எச். 42 கிடையாவிடத்து ஈ.சீ.எச். 42 ஐச் செருகுதல் பயன் தராது. உள்ளமைப்பு ஒன்றேயாயினும் பின்னையது 0.23 அம்பியர் வேண்டுவது, 0.1 அம்பியரில் அதன் கதோட்டு உரிய வெப்பத்தை அடையாது.

7. மறைந்திருக்கும் கேடுகள்

பழைய வானொலியில் வால்வுகளே பழுதடைந்திருக்கும் எனப் பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. வால்வுகள் நீண்டகாலம் தாங்குவன. கெடுவன மெழுகுத்தாட் கொள்ளளவிகளும் மின்பகுப்புக் கொள்ளளவிகளும் இறப்பர் உறைக் கம்பிகளுமே. கடற்காற்றும் ஈரப்பதமும் மிகுந்த நம் நாட்டில் தாள் ஈரமுறிஞ்சுவது விரைவாக நிகழும்.

இவற்றுள் மிகக் கொடியது முதற் பெருக்கியின் அனோட்டை வலுவால்வின் நெய்யரியோடு தொடுக்கும் இணைப்புக் கொள்ளளவி. அது ஆடற்சைகையை விட்டு நேரோட்டத்தைத் தடுக்க வேண்டும். அனோட்டில் 100 உவோற்றும், நெய்யரித் தடையி 0.5 மெகாவோமும் எனக் கொள்வோம். கொள்ளளவியின் காவல் கெட்டு அதன் தடை 10 மெகாவோமாகக் குறைந்தால், நெய்யரிக்கு வந்துசேரும் உவோற்றளவு 100 ஐ 0.5 ஆற் பெருக்கி 10.5 ஆல் வகுக்கக் கிடைக்கும் 4.8 உவோற்று. வலுவால்வு ஏறத்தாழ எதிர் 7 உவோற்றில் இயங்குமாறு அமைக்கப்பட்டிருப்பின், அவ்வெதிர்க் கோடல் பெருமளவு நீங்கிவிடும். அனோட்டு மின்னோட்டம் மிகும். வால்வு செந்நிறமாகக் கனலும். ஒலிபெருக்கி நிலைமாற்றி கருகும். ஆயினும் 10 மெகாவோம் என்பது சாதாரணப் பன்மானிக்கு நல்ல காவலியாகவே தோன்றும். ‘அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது’ என்பது இங்கே போதாது. இவ்வொரு கொள்ளளவியைச் சோதனையின்றியே மாற்றுதல் வேண்டும்.

இரண்டாவது கேடு சேமிக்கப்பட்ட மின்னேற்றம். 32 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி 350 உவோற்றுக்கு ஏற்றப்படின் அதிலுள்ள சக்தி ஏறத்தாழ 2 யூல். செருகி கழற்றப்பட்ட பின்னும் அது நிற்கக்கூடும். 10 கிலோவோம் தடையியொன்றைக் காவலிடப்பட்ட முனைகளாற் பிடித்து ஐந்து செக்கன் தொடுப்பின் அது வடிந்துவிடும். வடிந்ததைப் பன்மானியால் உறுதிசெய்தல் வேண்டும். திருகாணிச் செலுத்தியாற் குறுஞ்சுற்றாக்கும் பழக்கம் கொள்ளளவியையும் கண்ணையும் ஒருங்கே கெடுக்கும்.

மூன்றாவது, இன்றைய வீடுகளிலுள்ள றிப் சுவிச்சின் மீதான மிகை நம்பிக்கை. 30 மில்லியம்பியர் புவிக்குக் கசிந்தால் அது இணைப்பைத் துண்டிக்கும் என்பது மெய்யே. ஆனால் நிலைமாற்றியாற் பிரிக்கப்பட்ட 250 உவோற்றை இரு கைகளாலும் தொடுபவரின் உடலூடே செல்லும் மின்னோட்டம் புவிக்குக் கசிவதன்று. றிப் சுவிச் அதனை அறியாது. ஒரு கையைச் சட்டைப்பையில் இட்டு மறு கையால் அளக்கும் பழைய திருத்துநர் வழக்கம் அச்சத்தால் எழுந்ததன்று, அறிவால் எழுந்தது.

8. மீட்டமைப்பின் ஒழுங்கு

இப்பணியை ஏழு படிகளாக வகுக்கலாம்.

முதலாவது, பதிவு. எதையுந் தொடுமுன் எல்லாப் பக்கங்களையும் நிழற்படமெடுத்தல். வால்வுகளின் இடங்களைக் குறித்தல்.

இரண்டாவது, துப்புரவு. மென்றூரிகையும் மெல்லிய காற்றும் போதும். டயற் கண்ணாடியின் பின்புறத்தே நீர் படலாகாது, எழுத்துகள் கரையும். பேக்கலைற்றை நீரில் ஊறவிடுதலும் மணற்றாளால் தேய்த்தலும் கூடா. அதன் மேற்படை கழிந்தால் உள்ளிருக்கும் மரத்தூள் ஈரமுறிஞ்சும்.

மூன்றாவது, குளிர் நிலைச் சோதனைகள். இழைகள் தொடர்ச்சியுடையனவா, நிலைமாற்றிச் சுருள்களும் ஒலிபெருக்கிச் சுருளும் அறாதிருக்கின்றனவா, உயர் உவோற்று வழி அடித்தட்டோடு குறுஞ்சுற்றாகவில்லையா என்பன பன்மானியால் அறியப்படும்.

நான்காவது, கெட்டவற்றை மாற்றுதல். மின்வடம், உதிரும் இறப்பர்க் கம்பிகள், இணைப்புக் கொள்ளளவி, மின்னிணைப்பின் குறுக்கேயுள்ள கொள்ளளவி, மின்பகுப்புக் கொள்ளளவிகள் ஆகியன முதலிடம் பெறும். மின்னிணைப்பின் குறுக்கே இடப்படுவது அதற்கென்றே தரச்சான்று பெற்ற எக்ஸ் வகுப்பினதாக வேண்டும். மின்னிணைப்புக்கும் தொடக்கூடிய உலோகத்துக்கும் இடையிலுள்ளது வை வகுப்பினதாக வேண்டும். மின்பகுப்புக் கொள்ளளவியை மூல அளவிலும் பெரிதாக இடலாகாது. இயக்கும்போதெழும் மின்னேற்ற ஓட்டம் சீராக்கி வால்வைக் கெடுக்கும். ஒவ்வொரு மாற்றமும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யப்பட வேண்டும். பலவற்றை ஒருங்கே கழற்றியவர் எது எங்கிருந்ததென மறப்பர்.

ஐந்தாவது, காப்பு. உரிய உருகியொன்றைச் சேர்த்தல் நன்று. சுருள்கள் முற்றாகப் பிரிந்த நிலைமாற்றியுடைய பெட்டிக்கு மூன்று கம்பி வடமிட்டு அடித்தட்டைப் புவித்தொடுப்புச் செய்யலாம். உயிர் அடித்தட்டுப் பெட்டியில் இதனை ஒருபோதும் செய்யலாகாது. உயிர்க்கம்பி நேரே புவிக்கம்பியோடு தொடுபடும். அதற்கு வேண்டுவது நொதுமற்கம்பி அடித்தட்டுப் பக்கம் அமையுமாறு திருப்பிச் செருகவியலாத செருகியும், முழுமையான பின்பலகையும், மெழுகிட்ட திருகிகளுமாகும். திருத்தும் மேசையில் அதனை ஒன்றுக்கொன்று நிலைமாற்றியின் வழியே மட்டும் இயக்குக.

ஆறாவது, மெல்ல எழுப்புதல். 60 உவாற்று இழை மின்குமிழொன்றைத் தொடராக இணைத்தால், உள்ளே முழுக் குறுஞ்சுற்று இருப்பினும் மின்னோட்டம் 0.26 அம்பியரை விஞ்சாது. மின்குமிழ் முதலிற் பிரகாசித்து மங்கினால் நற்குறி. தொடர்ந்து முழுவொளியோடு எரியின் உடனே நிறுத்துக. இது பெட்டியைக் காக்குமேயன்றி மனிதரைக் காவாது என்பதை மறத்தலாகாது.

ஏழாவது, அளத்தல். வலுவால்வின் நெய்யரியில் நேர் உவோற்று இல்லையென உறுதிசெய்து, கதோட்டுத் தடையியின் குறுக்கேயுள்ள உவோற்றளவால் மின்னோட்டத்தைக் கணித்து, ஒரு மணி நேரம் அருகிலிருந்து வெப்பத்தைக் கவனித்த பின்னரே பெட்டியை மூட வேண்டும்.

இப்பணியைத் தனிமையிற் செய்தல் தகாது. மின்னிணைப்பைத் துண்டிக்கத் தெரிந்த ஒருவர் உடனிருத்தல் வேண்டும். மின்னியலில் முன் பயிற்சியில்லாதார் முதல் மூன்று படிகளோடு நின்று, எஞ்சியதை அறிந்தவரிடம் விடுதலே முறை.

9. திருத்துநரின் கை

மீட்டமைப்பில் இறுதியாக எழும் வினா தொழினுட்பஞ் சார்ந்ததன்று. எதை மாற்றலாம், எதை விடவேண்டும்?

1970 முதல் 1977 வரை இந்நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. அக்காலத்தில் வால்வு கிடையாதவிடத்து, வேறோர் அடியுடைய வால்வுக்குத் துளையைப் பெருப்பித்து இடங்கொடுத்தவரும், எரிந்த நிலைமாற்றியைக் கையாற் சுற்றியவரும், சீராக்கி வால்வுக்குப் பதிலாக இருவாயியை இட்டவரும் சந்திகளிற் சிறுகடை வைத்திருந்த திருத்துநர்களே. அவர்களுட் பலர் சுற்றுப்படத்தையே காணாது கேள்வியாலும் அனுபவத்தாலும் மின்னியலைக் கற்றவர்கள். அவர்களுடைய பெயர்களை எந்நூலும் கூறாது. அவர்களின் அறிவு எஞ்சியிருப்பது இப்பெட்டிகளின் அடிப்புறத்தே, பற்றாசுத் துளிகளிலும் பென்சிற் குறிப்புகளிலுமே. ‘மூல நிலைக்கு மீட்டல்’ என்ற பெயரில் அவற்றைக் களைபவர், ஐரோப்பியத் தொழிற்சாலையின் வேலையை மட்டும் வரலாறெனக் கொண்டு, நம்மவர் உழைப்பைக் குப்பையில் இடுகிறார்.

ஆபத்தானதை மாற்றாது விடவும் முடியாது. ஆதலின் நடுவழியொன்று வேண்டும். உயிருக்கு ஊறு விளைப்பவற்றைத் தயக்கமின்றி மாற்றுக. ஊறில்லாத பழைய திருத்தங்களை விட்டுவைக்க. கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் இடமும் நாளும் எழுதிய உறையிலிட்டுப் பெட்டியோடு வைக்க. செய்த மாற்றங்களை ஒரு தாளில் எழுதி உள்ளே ஒட்டுக. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் கருதிய நெறி இதற்கு முன்மாதிரியாகும். அருங்காட்சியகத்திற்குரிய அரிய பெட்டியாயின் அதனை இயக்காமலே வைத்தலும் ஏற்புடைய முடிவே.

10. முடிவுரை

1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தபோது மக்கள் துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அத்தைனமோ தருவது ஏறத்தாழ 3 உவாற்று. மேற்கண்ட ஐந்து வால்வுப் பெட்டியின் இழைத்தொடர் மட்டுமே 23 உவாற்று வேண்டுவது. ஆகவே திரான்சிற்றர் பேசியது. வால்வுப் பெட்டிகள் மௌனித்தன. அம்மௌனத்திலேயே பல அழிந்தன.

இன்று அவற்றை எழுப்பினும் அவை கேட்ட உலகம் முன்போலில்லை. ஜேர்மனியின் பொது ஒலிபரப்பு 2015 ஆம் ஆண்டின் முடிவோடு மத்திய அலையைக் கைவிட்டது. அயர்லாந்தின் நெட்டலை 2023 இல் நின்றது. டயலில் எழுதப்பட்ட பெயர்கள் பல இனிப் பேசா. எனினும், பெயரற்ற ஒரு பெட்டியை அளந்து, எண்ணி, அதன் காலத்தையும் வழியையும் கண்டு, ஒருவருக்கும் ஊறின்றி மீண்டும் ஒலிக்கச் செய்பவர் வரலாற்றின் ஒரு பக்கத்தை அழியாது காத்தவராவர். அதற்கு முதற்படி மிக எளிது: செருகியைக் குதையிற் செருகாதிருத்தல்.